குனிதலும் கூழைக்கும்பிடும்

உடல் வளைவதையெல்லாம் பணிவென்று கொள்வது நம்மவரிடையே நெடுங்காலமாய்ப் படிந்துவிட்ட பிழை. தமிழோ இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களாற் பிரித்தே வைத்திருக்கிறது.

குனிதல் என்பது வளைதல். குனித்தல் என்பதற்கு வில்லை வளைத்தல் என்றும், கூத்தாடுதல் என்றும் பொருளுண்டு. சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பேரகராதியிலும் இப்பொருள்களைக் காணலாம். வில்லாளியின் கையிலும் கூத்தனின் மெய்யிலும் உள்ள வளைவில் தாழ்வு யாது? கூழைக்கும்பிடு என்பதோ வேறு. கூழை என்றால் குறைபட்டது, குட்டையானது. ஒருவன் தன்னைக் குறுக்கிக்கொண்டு இடும் கும்பிடே அது.

கேமரன் மலையை நோக்குவோம். 1885-ல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் அது. 1929-ல் ஜே. ஏ. ரசல் என்பார் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் தமிழர் உழைத்தனர். தேயிலை இயல்பில் மரமாக வளர்வது. கொழுந்து கைக்கெட்டும்பொருட்டு அதனை இடுப்பளவில் வெட்டி நிறுத்துவர். ஆதலின், முதுகிற் கூடையுடன் சரிவில் காலூன்றி, இடை வளைந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். இக்குனிவு தொழிலின் இயல்பு, நாணத்தக்கதன்று.

மற்றைய குனிவு தொழிலுக்கு வேண்டாதது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையில், வந்தவன் பலகாலும் கடனோடும் அச்சத்தோடும் வந்தான். 1938-ல் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. ஆயினும் தோட்டத்தில் துரைமுன் ஒடுங்கி நிற்கும் வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தமிழர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு மற்றொன்றும் கேட்டனர்: துரைமாரும் உத்தியோகஸ்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதே அது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. சைக்கிளின்மேல் நிமிர்ந்து செல்லும் உரிமைக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று.

இன்று கேமரன் மலையில் கத்தரியும் பொறியும் கொழுந்து வெட்டுகின்றன. பிறநாட்டுத் தொழிலாளரும் பலர் அங்கே உழைக்கின்றனர். முன்னாளிற் கொழுந்து கிள்ளியோரின் பேரப்பிள்ளைகள் நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களுள் எவரேனும், பாட்டி குனிந்து வாழ்ந்தாள் என்று சொல்லக் கூசினால், அவர்க்கு ஒன்று கூறுவோம்: பாட்டி குனிந்தது செடியின் முன். மனிதன்முன் அவளைக் குனிய வைத்த கொடுமைக்கு நாண வேண்டியவர், குனிந்தவரல்லர், குனியச் செய்தவரே.