கை கற்ற கல்வி

பாரிசு நகரின் தொழிற்கலைக் கல்விக்கூடம் 1794ஆம் ஆண்டு கிரெகுவார் அடிகளின் முன்மொழிவால் உருவானது. துறவியரிடமிருந்து பறிக்கப்பட்ட புனித மார்ட்டின் மடமே அதன் இல்லமாயிற்று. புரட்சி அரசுக்கு உறுதிமொழி அளித்தவர் என்பதால் திருச்சபையில் பலர் கிரெகுவாரை விரும்புவதில்லை; எனினும் இப்பணிக்காக அவரை நினைவுகூர்வது நியாயமே. 1819 முதல் அங்குப் பொதுமக்களுக்கான வகுப்புகள் நடைபெற்றன.

ஆனால் பாடம் கேட்பது வேறு. பணியில் ஏற்கெனவே கற்றதைக் கல்வி என ஒப்புக்கொள்வது வேறு. அந்த ஒப்புதலைப் பிரெஞ்சு நாடு 1934 ஜூலை 10ஆம் நாள் சட்டத்தால் தொடங்கியது. பொறியாளர் பட்டத்தை எவரும் தம் விருப்பம்போல் சூட்டிக்கொள்ளாதவாறு வேலியிட்ட அச்சட்டமே, வேலியில் ஒரு சிறு வாயிலையும் வைத்தது. தாமே கற்று, ஐந்தாண்டு தொழில்துறையில் உழைத்தவர் தேர்வில் வென்று அப்பட்டம் பெறலாம்.

1985இல் பணி அனுபவத்தைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் சேரவும், 1992இல் சில தேர்வுகளிலிருந்து விலக்குப் பெறவும் வழி பிறந்தது. 2002 ஜனவரி 17ஆம் நாள் சட்டமோ, மூன்றாண்டு அனுபவமுடையவர் முழுப் பட்டத்தையும் அவ்வழியே அடையலாம் என்றது.

இது ஆண்டுகளுக்குத் தரப்படும் பரிசன்று. இருபது ஆண்டு ஒரே வேலையைச் செய்தவர் இருபது ஆண்டு கற்றவராகிவிடார். என்ன செய்தேன், ஏன் அவ்வாறு செய்தேன் என்பதை விண்ணப்பதாரர் விரிவாக எழுதித் தர வேண்டும். நடுவர் குழு அதைப் படித்து, அவரை நேரில் வினவி, பட்டத்தை முழுமையாகவோ பகுதியாகவோ வழங்கும், மறுக்கவும் செய்யும். இந்தக் கண்டிப்பு சரியே. அது இல்லையேல் அப்பட்டத்தை யார் மதிப்பர்?

சிக்கல் எழுத்தில்தான் உள்ளது. முதியோர் இல்லத்தில் பணிபுரியும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் நுட்பம் அவர் கைகளுக்குத் தெரியும். அதைப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. எழுதத் தயாராவதற்கு அவருக்குச் சட்டம் அளித்த விடுப்போ 24 மணி நேரம்; ஏறத்தாழ மூன்று வேலைநாள்!

பின்னர் 2016இல் மூன்றாண்டு என்பது ஓராண்டாயிற்று. 2022 டிசம்பர் சட்டம் கால வரம்பையே நீக்கி, விடுப்பையும் 48 மணி நேரமாக்கியது. ஆண்டுகளைக் குறைப்பது அரசுக்கு எளிது. எழுத்தின் சுமை அப்படி எளிதில் குறைவதில்லை.

இருப்பினும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. பட்டம் வழங்கும் அமைப்பு இசைந்தால், விண்ணப்பதாரரை உண்மையான பணியிடத்திலோ, அதைப் போல் அமைத்த சூழலிலோ வேலை செய்யச் சொல்லி நடுவர்கள் நேரில் காணலாம். அப்பெண்ணுக்கு வேண்டியது இவ்விதியே. தம் திறமையைக் காட்ட அவர் பேனாவை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.