தத்துவத் தரநிலை (காவிய மாந்தர்)

புராண, காவிய மாந்தருள் யார் ஆற்றலில் மேல், யார் கீழ் என்பதை அவர்கள் நிற்கும் தத்துவப்படியைக் கொண்டு அளக்கும் முறை. மட்டக்களப்பு வாவிக் கரையில் இது கந்தபுராணத்தாலும் ஐப்பசியில் கோயில்களில் நடித்துக்காட்டும் சூரன் போராலும் அறியப்பட்டது.

அளவுகோல் சைவ சித்தாந்தத்தினது. ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5; அடியில் நிலம், முடியில் நாதம். இவற்றை அடக்கிய ஐந்து கலைகளில் 224 புவனங்கள் உள்ளன. அடிக்கலையான நிவிர்த்தியின் 108 புவனங்களுக்குப் பிரமன் தலைவன்; அடுத்த கலையான பிரதிட்டையின் 56க்குத் திருமால்; அதற்கு மேல் உருத்திரன், மகேசுவரன், சதாசிவன். ஏற ஏறப் புவனத்தொகை குறையும், தலைவனின் ஆற்றல் கூடும்.

கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாசாரியாரின் காலத்தை ஆய்வாளர் பல நூற்றாண்டு வேறுபடக் கூறுவர். அந்நூலின் அசுர காண்டமே இம்முறைக்குச் சிறந்த சான்று. காசிபன் மக்களுக்குப் பதி, பசு, பாசம் உரைக்கிறான். தாய் மாயை அதை மறுத்து, செல்வமும் வலிமையுமே வேண்டும் என்கிறாள். மூத்த மகன் சூரபன்மன் வேள்வி செய்து 1008 அண்டங்களை 108 யுகம் ஆளவும், சிவசக்தியன்றிப் பிறிதொன்றால் அழியாதிருக்கவும் வரம் பெறுகிறான். உயிரும் இறையும் ஒன்றே, ஆகவே தேவர் உனக்கு மேலானவர் அல்லர் என்று சுக்கிரன் போதிக்கிறான். இது ஏகான்மவாதத்தைச் சாடவே அமைந்தது என்போர் உளர். அசுர குருவின் சூழ்ச்சி மட்டுமே என்பாரும் உளர். அடுத்து வருவது அண்டகோசப் படலம். திக்குவிசயத்துக்குப் புறப்படுமுன் அண்டங்களின் கணக்கைக் கற்பிக்கும் இந்த வைப்புமுறை மிக நுட்பமானது. எத்தனை அண்டம் ஆண்டாலும் அவை நில தத்துவத்துக்குள் அடங்கியவை; முருகனோ தத்துவங்கள் முப்பத்தாறையும் கடந்தவன். போர்க்களத்தில் அவன் பேருருவைக் கண்டு சூரன் ஒருகணம் நெஞ்சு நெகிழ்வதும், உரு மறைந்ததும் ஆணவம் திரும்புவதும் பின்வரும் யுத்த காண்டத்தின் உச்சம்.

சித்தாண்டி, மண்டூர், திருக்கோவில் ஆகியவை பழைய மட்டக்களப்புத் தேசத்தின் பேர்பெற்ற முருகன் தலங்கள். சூரன் போரில் சூரனின் மரவுருவுக்கு யானைத்தலை, சிங்கத்தலை, சொந்தத்தலை என ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டுவர்; முடிவில் மாங்கொப்பு. ஏடறியாதவரும் ஆற்றலின் ஏறுவரிசையைக் கண்ணால் கற்றது இப்படித்தான்.

மாந்தரை வேறு வகையில் அளந்தோரும் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947) மதங்க சூளாமணி என்ற தம் நாடக நூலில் (1926) சேக்சுபியர் நாடகங்களையும் தசரூபகம் என்னும் வடமொழி நாடக இலக்கணத்தையும் எடுத்துக்கொண்டார். தசரூபகம் தலைவரை வகுப்பது குணத்தால், வலிமையால் அன்று. 1960களில் சு. வித்தியானந்தன் வடமோடிக் கூத்து வழியில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ தோற்பவனையே பெரியவனாக்கியது.

இன்று சித்திரக்கதை ரசிகர்கள் உலகெங்கும் பாத்திரங்களைப் பரிமாணம், பிரபஞ்சம் என எண்ணித் தரப்படுத்துகின்றனர். இதற்குப் ‘பவர் ஸ்கேலிங்’ என்று பெயர். அண்டகோசப் படலம் இதைவிடப் பழையது. இதைவிடத் தெளிவானதும் கூட.