உடல் எப்படி நிலமாகிறது? கறுப்பு-வெள்ளைப் படங்களும் சட்டமும்

மைசூருவிலிருந்து ஊட்டிக்குப் போகும்போது குண்டலுபேட்டையைத் தாண்டியிருப்பீங்க. பந்திப்பூர் காட்டை நெருங்கும் இடத்தில் ஹிமவத் கோபாலசாமி பெட்டா நிற்கிறது. உயரம் 1,454 மீட்டர். பனிமூட்டம் விலகும் நேரத்தில் அதை கறுப்பு-வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்க. பச்சை போய்விடும், மேடும் சரிவும் மட்டும் மிஞ்சும். யாரோ ஒருக்களித்துப் படுத்திருப்பது போலத் தோன்றும்.

மலைக்கு அடிவாரம், ஆற்றுக்கு முகத்துவாரம் என்று நிலத்துக்கு உடலின் பெயரை வைத்தது நம் மொழி. சில புகைப்படக் கலைஞர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள்: உடலையே நிலமாகக் காட்டினார்கள்.

எப்படி எடுக்கிறார்கள்?

மூன்று விஷயங்களை நீக்கிவிடுகிறார்கள்: நிறம், முகம், அளவு. தோலின் நிறம் தெரியாது. யாரென்றும் தெரியாது. பக்கத்தில் ஒப்பிட வேறு பொருள் இல்லாததால், முதுகெலும்பு ஒரு பள்ளத்தாக்காகத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரணும். நேராக அடித்தால் நிழல் விழாது, மேடு பள்ளமும் தெரியாது.

யாரெல்லாம் எடுத்தார்கள்?

எட்வர்ட் வெஸ்டன் 1936-ல் கலிஃபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளையும், அதே மணலில் படுத்திருந்த உடலையும் எடுத்தார். பில் பிராண்ட், கடற்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே விரல்களையும் முழங்கால்களையும் பாறை போலக் காட்டினார். அவரது நிர்வாணப் படத்தொகுப்பு 1961-ல் வெளியானது.

இந்தியாவில் முக்கியமான பெயர் பிரபுத்தா தாஸ்குப்தா (1956–2012). 1996-ல் 'விமன்' என்ற நூலில் பெண்களின் உடல்கள், 2000-ல் 'லடாக்' நூலில் வெற்று மலைகள். இரண்டையும் அடுத்தடுத்துப் புரட்டினால் ஒரே கண் பார்த்தது என்று புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ல் தாஸ்குப்தா எடுத்த ஒரு ஷூ விளம்பரத்தில் மிலிந்த் சோமனும் மது சப்ரேவும் ஆடையின்றி, ஒரு மலைப்பாம்புடன் நின்றார்கள். ஆபாச வழக்கு பாய்ந்தது. விடுதலை கிடைத்தது 2009-ல். ஒரு படத்துக்கு 14 வருஷம்!

2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது: நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது. அது சொல்லவரும் செய்தி, சூழல், இன்றைய சமூகத்தின் அளவுகோல் எல்லாவற்றையும் பார்க்கணும். ஆபாசத்துக்கான இன்றைய பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதா 294. கலைக்காகப் பொதுநலன் கருதி வெளியிடுவதற்கு அதில் விலக்கு உண்டு.

சம்மதத்தில் மட்டும் விலக்கு கிடையாது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றி எடுத்தாலோ பகிர்ந்தாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66இ-யின் கீழ் 3 ஆண்டுவரை சிறை, ரூ.2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். முகம் தெரியலையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். எடுப்பதற்கு ஒரு சம்மதம், வெளியிடுவதற்கு இன்னொரு சம்மதம். இரண்டையும் எழுதி வாங்குங்க.

நீங்களும் முயலலாமா?

தாராளமாக. ஜன்னலோரம் உட்கார்ந்து, உங்க கையையே மடக்கி, மாலை வெயிலில் ஒரு குளோசப் எடுங்க. விரல் மூட்டுகளில் ஒரு மலைத்தொடர் தெரியும்.