இரத்த வழிச் சொத்து – 6: ஓயாத மோட்டார்

சென்ற வாரம் மருத்துவர் ஜோசப் கோல்ட்ஸ்டீனைப் பெதஸ்டாவில், அமெரிக்க தேசிய சுகாதார நிலைய மருத்துவமனையில், உடன்பிறந்த இரண்டு குழந்தைகளின் கட்டிலருகே நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஆண்டு 1968. ஒரு குழந்தைக்கு வயது 6, இன்னொன்றுக்கு 8. இரண்டுக்கும் இதய நோய். தாத்தாக்களுக்கு வருகிற அதே நோய்.

இந்த நோயுள்ள குழந்தையின் கையை விரித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே தோல் மடிகிற இடத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் ஒரு தடித்த படலம் தெரியும். முழங்கையிலும் முட்டியிலும் புடைப்புகள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் கயிறுபோல் தடித்திருக்கும். அத்தனையும் கொலஸ்ட்ரால். தோலிலேயே இவ்வளவு படிந்திருக்கிறதென்றால், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் சின்னக் குழாய்களின் சுவரில் எவ்வளவு படிந்திருக்கும்?

பரம்பரையாக வருகிற நோய் இது. பழுதான மரபணு ஒன்றை அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வாங்கியவர்கள், அன்றைய கணக்கில், 500 பேருக்கு ஒருவர். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர்களில் இவர்கள் உண்டு. இருவரிடமிருந்தும் வாங்கிய குழந்தை 10 லட்சத்தில் ஒன்று. அதன் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 650 முதல் 1000 மில்லிகிராம் வரை கொலஸ்ட்ரால் இருக்கும். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் 200-ஐத் தாண்டினாலே வீட்டில் வடைச்சட்டியை ஒளித்து வைத்துவிடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பங்கு, இரட்டைப் பங்கு என்கிற இந்த வித்தியாசத்தை 1964-ல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் லெபனானில் இருந்த கச்சதூரியன் என்ற மருத்துவர். அவர் பார்த்தவை சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று பேசி முடிக்கிற நமக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஒரே தாத்தாவின் பழுது இரண்டு கிளை வழியாக இறங்கி ஒரு பேரப்பிள்ளையிடம் வந்து சேரும்.

கோல்ட்ஸ்டீனுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னேன். மைக்கேல் பிரௌன். 1966-ல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருவரும் ஒன்றாகப் பயிற்சி மருத்துவர்கள். கோல்ட்ஸ்டீன் தெற்குக் கரோலினாக்காரர், அப்பா அம்மாவுக்குத் துணிக்கடை. பிரௌன் நியூயார்க்கில் பிறந்தவர், அப்பா ஜவுளி விற்பனைப் பிரதிநிதி. இரண்டு ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு விஷயத்தை இழை இழையாகப் பிரிக்க உட்கார்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான், எழுதிவிட்டேன். பெதஸ்டாவிலும் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். பிறகு பிரௌன் 1971-ல் டெக்சாஸில் உள்ள டாலஸுக்குப் போனார். கோல்ட்ஸ்டீன் சியாட்டிலில் மரபியல் கற்றுக்கொண்டு 1972-ல் அங்கே வந்து சேர்ந்தார்.

அங்கே முதல் சிக்கல், எதை வைத்துச் சோதிப்பது என்பது. உடம்பில் கொலஸ்ட்ராலைச் செய்கிற பெரிய பட்டறை கல்லீரல். உயிரோடிருக்கும் குழந்தையின் கல்லீரலை வெட்டி ஆராய முடியாது. இருவரும் தோலைத் தேர்ந்தெடுத்தார்கள். கையிலிருந்து மிளகளவு தோலை எடுத்துக் கண்ணாடித் தட்டில் சத்துநீர் விட்டு வளர்த்தால் செல்கள் பெருகிக்கொண்டே போகும். பழுது மரபணுவில் என்றால் அது தோல் செல்லிலும் இருந்தே தீர வேண்டும். சரியான யோசனைதான். ஆனால் கொலஸ்ட்ரால் விஷயத்தில் தோல் வாய் திறக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

திறந்தது.

சாதாரண மனிதரின் தோல் செல்கள் முதலில். செல்லுக்குள் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் வேகத்தை நிர்ணயிக்கிற நொதி ஒன்று உண்டு. எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ். வாயில் நுழையாத பெயர், இந்த அத்தியாயம் முழுக்க ‘மோட்டார்’ என்றே வைத்துக்கொள்வோம். சத்துநீரில் இரத்த ஊனீர் கலந்திருக்கும்வரை மோட்டார் ஏறக்குறைய சும்மா கிடந்தது. ஊனீரிலிருந்து எல்.டி.எல். என்கிற கொலஸ்ட்ரால் பொட்டலங்களை நீக்கியதும் மோட்டார் வேகம் பிடித்துப் பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. எல்.டி.எல். திரும்பச் சேர்த்தார்கள். அடங்கியது.

சென்னையில் குடியிருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தெருவில் தண்ணி லாரி வந்தால் சம்ப்பை நிரப்பிக்கொண்டு போர் மோட்டாரை நிறுத்திவிடுவோம். லாரி வராத நாளில் மோட்டார் ஓடும். செல்லும் அதே சிக்கனக்காரக் குடித்தனம்தான்.

அடுத்தது நோயுள்ள குழந்தையின் தோல் செல்கள். இங்கே மோட்டார் 40 முதல் 60 மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்.டி.எல். ஊற்றினார்கள். அசையவில்லை. இன்னும் ஊற்றினார்கள். தெருவில் லாரி நிரம்பி வழிகிறது, வீட்டுக்குள் போர் மோட்டார் நிற்காமல் இரைகிறது.

இருவரும் வந்த முடிவு, யாராக இருந்தாலும் வந்திருக்கக்கூடியதுதான்: மோட்டாரின் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. நொதியைக் கட்டுப்படுத்துவதில்தான் கோளாறு, அதனால்தான் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. 1973-ல் இதை அச்சிலும் ஏற்றிவிட்டார்கள்.

சொந்தக் கட்டுரையை அடுத்த சோதனையிலேயே சந்தேகப்படுவது லேசான காரியமில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடமே இதுதான். ஸ்விட்ச்தான் கெட்டது என்றால், கொலஸ்ட்ராலை எந்த வழியாகக் கொடுத்தாலும் மோட்டார் நிற்கக் கூடாது அல்லவா? எல்.டி.எல். பொட்டலமே வேண்டாமென்று வெறும் கொலஸ்ட்ராலை எதில் கரைத்தார்கள் தெரியுமா? சாராயத்தில். எத்தனாலில் கரைந்த கொலஸ்ட்ரால், யார் தயவும் இல்லாமல் செல்லின் சவ்வு வழியே தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். வாசலை விட்டுவிட்டுச் சுவர் மேலாகக் குடம் குடமாகத் தண்ணீர் இறக்குவது மாதிரி.

நோயுள்ள செல்லின் மோட்டார் அடங்கியது. சாதாரணச் செல்லில் அடங்குவதைப் போலவே.

ஸ்விட்ச் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. தண்ணீர்தான் உள்ளே வரவில்லை. வெளியே லாரி நிற்பது அந்த வீட்டுக்குத் தெரியவே தெரியாது. கொலஸ்ட்ரால் வெள்ளத்தில் மிதக்கிற குழந்தையின் செல்கள் கொலஸ்ட்ரால் பஞ்சத்தில் இருந்தன.

எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்க செல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று இருவரும் ஊகித்தார்கள். எல்.டி.எல். துகளில் கதிரியக்க அயோடினை ஏற்றினார்கள். அது எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுக்கும். தட்டை 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் செல்லின் வேலைகள் ஏறக்குறைய நின்றுபோய், துகள் மேலே ஒட்டுவதோடு சரி. ஒட்டாததைக் கழுவிவிட்டு எண்ணினார்கள். சாதாரணச் செல்லில் துகள்கள் இறுகப் பற்றிக்கொண்டிருந்தன. ஓர் அளவுக்கு மேல் இடமில்லை என்பதையும் எண்கள் காட்டின. அதாவது இருக்கைகள் எண்ணி வைக்கப்பட்டவை. இரட்டைப் பங்கு வாங்கிய குழந்தைகளின் செல்களில் அந்தப் பிடிப்பு அறவே இல்லை. ஒற்றைப் பங்கு வாங்கியவர்களின் செல்களில் ஏறக்குறைய பாதி. பரம்பரைக் கணக்கு செல்லின் மேலேயே எழுதியிருந்தது.

அந்தப் பிடிமானத்துக்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர் வைத்தார்கள். 1974. ஏற்பி இல்லை, அதனால் நோய். இத்தோடு தொடரையே முடித்துவிடலாம் போலிருக்கிறதல்லவா?

உலகம் முழுவதிலிருந்தும் இந்த நோயுள்ளவர்களின் தோல் துணுக்குகளை டாலஸில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்று ஒரு சிறுவனுடையது. எல்லா அடையாளமும் பொருந்திய, சந்தேகத்துக்கு இடமில்லாத நோயாளி. அவனுடைய செல்களின் மேல் கதிரியக்க எல்.டி.எல். ஊற்றிக் கழுவி எண்ணினார்கள். ஒட்டாது என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஒட்டியிருந்தது. நோயே இல்லாதவரின் செல்லில் ஒட்டுவதைப் போலவே.

ஏற்பி இருக்கிறது, துகளைப் பிடிக்கவும் செய்கிறது. பிறகு பையனுக்கு ஏன் நோய்? தட்டை உடம்புச் சூட்டுக்கு, 37 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் சூட்டில் சாதாரணச் செல் துகளை விழுங்கிச் சிதைத்து, சற்று நேரத்தில் அயோடினைத் தனியே வெளியே துப்பிவிடும். சிறுவனின் செல் எதையும் துப்பவில்லை. பிறகு ஹெபாரின் விட்டார்கள். செல்லின் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் அது கழற்றிவிடும், உள்ளே போய்விட்டதைத் தொடாது. அப்படியே நிற்கும் என்று நினைத்த துகள்கள் மொத்தமும் கழன்று வந்தன. பிடித்த பிடியில் ஒரு துகள்கூட உள்ளே போயிருக்கவில்லை.

இனி எண்களை வைத்துக்கொண்டு பயனில்லை, செல்லின் தோலையே நேரில் பார்த்தாக வேண்டும். டாலஸிலேயே ரிச்சர்ட் ஆண்டர்சன் என்பவரிடம் ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தது. சாதாரணச் செல்லின் மேற்பரப்பை அதன் கீழே வைத்தபோது, வழவழப்பாக இருக்குமென்று நினைத்த இடத்தில் குட்டிக் குட்டியாகக் குழிகள்...

(அடுத்த வாரம்)