டிஜிட்டல் தடயவியல் துறை: கல்வி, பணிவாய்ப்பு, பொறுப்பு

கைப்பேசி, மடிக்கணினி, கண்காணிப்புக் கேமரா, இணையச் சேமிப்பகம் ஆகியவற்றில் பதிந்துள்ள தகவல்களைச் சிதைவின்றி மீட்டு, ஆராய்ந்து, நீதிமன்றம் ஏற்கும் வடிவில் அளிக்கும் துறை டிஜிட்டல் தடயவியல் ஆகும். இணையவழி நிதி மோசடி மட்டுமன்றி கொலை, கடத்தல், வரி ஏய்ப்பு, தேர்தல் முறைகேடு ஆகியவை தொடர்பான வழக்குகளிலும் மின்னணுச் சான்றுகள் இன்று முக்கிய இடம் பெறுகின்றன. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள், இத்துறை வல்லுநர்களின் பங்கைச் சட்டபூர்வத் தேவையாகவே மாற்றியுள்ளன.

சட்டம் உருவாக்கிய தேவை

ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு கூறுகிறது. இதற்கான கட்டமைப்பை உருவாக்கிக்கொள்ள மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

மின்னணு ஆவணங்களின் நகல்களைச் சான்றாக ஏற்பதற்கான நிபந்தனைகளை பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு வகுத்துள்ளது. அத்தகைய ஆவணத்துடன் அளிக்கப்படும் சான்றிதழில், கருவிக்குப் பொறுப்பானவருடன் வல்லுநர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். முந்தைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் வல்லுநரின் கையொப்பம் கோரப்படவில்லை.

இத்தகைய சான்றிதழின் முக்கியத்துவத்தை 2020-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு உறுதிப்படுத்தியது. மகாராஷ்டிர மாநிலம் ஜால்னா சட்டப்பேரவைத் தொகுதித் தேர்தல் தொடர்பான அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில், வேட்புமனு உரிய நேரத்துக்குள் தாக்கல் செய்யப்பட்டதா என்பதை நிரூபிக்கத் தேர்தல் அலுவலகக் காணொலிப் பதிவுகள் முன்வைக்கப்பட்டன. மூலக் கருவியே நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டாலன்றி, நகலுடன் சான்றிதழ் அளிப்பது கட்டாயம் என மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

பணி எவ்வாறு நடைபெறுகிறது?

சம்பவ இடத்தில் எடுக்கப்படும் முதல் முடிவே விசாரணையின் போக்கைத் தீர்மானிக்கக்கூடும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை உடனே அணைத்தால், தற்காலிக நினைவகத்தில் உள்ள கடவுக்குறியீடுகளும் இணைய இணைப்பு விவரங்களும் அழிந்துவிடும். அணைக்காமல் விட்டாலோ தொலைவிலிருந்து எவரேனும் தரவை அழிக்க வாய்ப்புண்டு. எனவே கைப்பற்றப்படும் கைப்பேசிகள், சமிக்ஞைகளைத் தடுக்கும் 'ஃபாரடே' உறைகளில் வைக்கப்படுகின்றன.

அடுத்த கட்டமாக, மூலக் கருவியில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் 'ரைட் பிளாக்கர்' சாதனத்தின் துணையுடன் சேமிப்பகத்தின் முழு நகல் எடுக்கப்படுகிறது. இயன்றவரை ஆய்வு அந்த நகலில்தான் நடைபெறும். மூலமும் நகலும் ஒன்றே என்பதை 'ஹேஷ் மதிப்பு' உறுதி செய்கிறது. எஸ்.எச்.ஏ.-256 முறையில் கணக்கிடப்படும் 64 குறிகள் கொண்ட இம்மதிப்பு, தரவில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். 63-ஆவது பிரிவின் சான்றிதழிலும் இம்மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

கருவி யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எதற்காகக் கைமாறியது என்ற பதிவேடும் இடைவெளியின்றிப் பராமரிக்கப்பட வேண்டும். ஆய்வு எவ்வளவு நுட்பமாக நடந்திருந்தாலும், இப்பதிவேட்டில் விளக்க இயலாத இடைவெளி இருந்தால் குறுக்கு விசாரணையில் அச்சான்றின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்.

கல்வி வாய்ப்புகள்

இத்துறைக்கான முதன்மைக் கல்வி நிறுவனம், குஜராத் மாநிலம் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகும். 2020-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உருவான இதற்கு தில்லி, கோவா, திரிபுரா உள்ளிட்ட இடங்களிலும் வளாகங்கள் உள்ளன. டிஜிட்டல் தடயவியல், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புகளை இப்பல்கலைக்கழகம் வழங்குகிறது.

கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணுவியல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் இத்துறைக்கு எளிதில் வரலாம். இயங்குதளங்கள், கோப்பு அமைப்புகள், கணினி வலையமைப்பு, பைத்தான் போன்ற நிரல்மொழி ஆகியவற்றில் அடிப்படை அறிவு அவசியம். சி.எச்.எஃப்.ஐ., ஜி.சி.எஃப்.ஏ. போன்ற பன்னாட்டுச் சான்றிதழ்கள் தனியார் வேலைவாய்ப்புக்கு உதவும். எனினும் அரசுப் பணிக்குரிய கல்வித் தகுதிக்கு அவை மாற்றாகா.

பணிவாய்ப்புகள்

சண்டிகர், ஐதராபாத், கொல்கத்தா, போபால், புணே, குவாஹாட்டி ஆகிய நகரங்களில் மத்தியத் தடய அறிவியல் ஆய்வகங்கள் உள்ளன. தில்லி ஆய்வகம் மத்தியப் புலனாய்வு அமைப்பின் கீழ் இயங்குகிறது. இவை தவிர மாநிலத் தடயவியல் ஆய்வகங்கள், காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவுகள், மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஆகியவற்றிலும் வல்லுநர்கள் தேவைப்படுகின்றனர்.

தனியார் துறையில் வங்கிகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், தணிக்கை நிறுவனங்கள் ஆகியவை தரவுக் கசிவையும் உள் முறைகேடுகளையும் ஆராய இவர்களை நியமிக்கின்றன. இணையத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'செர்ட்-இன்' அமைப்பு பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்களில் இப்பணியின் அவசியத்தை மேலும் உணர்த்தியது.

மாணவர்கள் எவ்வாறு தயாராகலாம்?

விலையுயர்ந்த மென்பொருள்கள் இன்றியும் பயிற்சியைத் தொடங்க இயலும். 'ஆட்டாப்சி' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சொந்தப் பென்டிரைவின் முழு நகலை எடுத்து, ஹேஷ் மதிப்பை ஒப்பிட்டு, அழித்த கோப்பை மீட்டு, கண்டறிந்ததை அறிக்கையாக எழுதுவது சிறந்த தொடக்கப் பயிற்சியாகும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய மற்றும் தொழில்நுட்பக் கழகம், பயிற்சிக்கான மாதிரித் தரவுகளை இலவசமாக வெளியிட்டுள்ளது.

பிறர் கருவியை அனுமதியின்றி ஆராய்வது பயிற்சியாகாது. தீய நோக்குடன் அவ்வாறு செய்வது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும்.

நடுநிலையே முதல் தகுதி

சிறார் மீதான பாலியல் வன்முறை போன்ற வழக்குகளில் கொடூரமான காட்சிகளைத் தொடர்ந்து பார்வையிட நேர்வதால், இப்பணி மனச்சுமை மிகுந்தது. வழக்குடன் தொடர்பற்ற தனிப்பட்ட படங்களும் உரையாடல்களும் கண்ணில் படும் என்பதால் இரகசியம் காப்பதும் இன்றியமையாதது.

ஒரு கணினியில் சட்டவிரோதக் கோப்பு இருந்தது என்பதைத் தடயவியல் நிறுவலாம். அதை அங்கே வைத்தவர் யார் என்பது வேறு கேள்வி. கடவுச்சொல்லை அறிந்த மற்றொருவரோ, தீங்கு நிரலோ அதற்குக் காரணமாக இருக்கலாம். தரவு காட்டுவதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல், குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதையும் மறைக்காமல் அறிக்கை எழுதுபவரே நம்பகமான வல்லுநராக மதிக்கப்படுவார். அந்த அறிக்கையின் ஒரு வரி, ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் விடுவிக்கவும் வல்லது என்பதை இத்துறையைத் தேர்ந்தெடுப்போர் தொடக்கத்திலேயே உணர்ந்திருப்பது அவசியம்.