இரண்டு அவுன்சு

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று போர்வீரனுக்குப் போதிப்பர். அந்த உப்புக்கு விலை கொடுத்தவன் யார்? வீரனேதான்!

18ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் கடற்படையில், மாலுமிக்கு அளந்த பவுண்டில் 16 அவுன்சு இல்லை, 14தான்! எஞ்சிய 2 அவுன்சு கப்பலின் பண்டகசாலை அதிகாரிக்கு. வீணாகும் பண்டத்துக்கு ஈடு என்று அதற்குப் பெயர். எலி தின்றதற்கும் மாலுமியே வரி கட்டினான், பணத்தாலல்ல, பசியால்!

1797 ஏப்ரலில், போர்ட்ஸ்மவுத் அருகே ஸ்பிட்ஹெட்டில் நின்ற கப்பல்களின் மாலுமிகள் நங்கூரம் எடுக்க மறுத்தனர். ஆண்டவன் அளந்தது அவ்வளவே என்று அடங்கிக் கிடக்கவில்லை. தராசைச் சுட்டி நியாயம் கேட்டனர். நூறாண்டுக்கு மேலாக உயராத ஊதியம் உயர்ந்தது. பவுண்டுக்கு 16 அவுன்சும் வந்தது. மன்னரின் மன்னிப்பும் கிட்டியது.

தரைப்படையிலோ, அதே 1797இல் நாளுக்கு ஒரு ஷில்லிங் என ஊதியத்தை உயர்த்தினர். உணவுக்கென அதில் பெரும்பகுதியைப் பிடித்தும் கொண்டனர். ரொட்டிக்கும் இறைச்சிக்குமான அந்தப் பிடித்தம் ஒழிய 1873 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உயிரைக் கொடுக்க வந்தவனிடம் உணவுக்கும் விலை கேட்டது அரசு. அதன் பிறகு விசுவாசமும் கேட்டது!

தோழர்களே! படியளப்பவன் ஆண்டவனல்லன், ஆள்பவன். சாய்ந்த தராசு, கும்பிட்டால் நிமிராது, கேட்டால் நிமிரும்!