வாழவந்தியில் வாழ வந்தவர்கள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் களைத்த பேருந்து மூச்சு வாங்கும் இடம் சோளக்காடு. சென்ற பலாப் பருவத்தில் பங்கு இளைஞர் சிலருடன் நாம் அங்கே இறங்கினோம். சந்தையில் வெளிநாட்டு இளம்பெண் ஒருவர் நின்றிருந்தார். பள்ளியொன்றில் சில திங்கள் ஊதியமின்றிக் கற்பிக்க வந்தவராம். விடுமுறை நாளில் மலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். அவர் நாவில் 'வாழைப்பழம்' பட்ட பாட்டைக் கண்டு நம் இளைஞர் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவரோ கூச்சப்படாமல் மூன்றாம் முறையும் அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தார்.

அந்த மூன்றாம் முறைதான் நமக்கு வேறொரு பெண்மணியை நினைவூட்டியது. 1913 ஆகஸ்டில், மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரை மணந்துகொண்டு, திருமண நாளன்றே மலையேறியவர் ஈவ்லின். அன்று சாலை கிடையாது, காட்டுப் பாதைதான். வழியில் மழை பிடித்துக்கொண்டது. இலண்டன் வணிகர் வீட்டில் வளர்ந்து ஓவியம் பயின்ற அந்த 34 வயதுப் பெண், சேறு படிந்த மணவுடையோடு வாழவந்தியில் தம் புது வீட்டுக்குள் நுழைந்தார். வாழ வந்தவர்களுக்கு ஏற்ற ஊர்ப்பெயர்தான்!

இவர்கள் பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்தவர்கள். நம் பாட்டனார் காலத்தில் இத்தகையோரைப் 'பதிதர்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது வழக்கம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகும் அச்சொல் நம் ஊர்களிலிருந்து எளிதில் போய்விடவில்லை. இக்கட்டுரையை எழுத நாம் இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டதற்கும் அந்தப் பழக்கம் ஓரளவு காரணமோ என்னவோ.

சேந்தமங்கலம் நமக்கும் அந்நியமானதன்று. தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையை விட்டு வடக்கே நடந்தபோது, அவரை வரவேற்றவர் சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர். காவியுடை, பாதக்குறடு, புலால் நீக்கிய உணவு என்று நொபிலியார் இந்நாட்டுத் துறவியாகவே மாறினார். பிராண்ட் தம்பதியர் அப்படி மாறவில்லை, ஆங்கிலேயராகவே இருந்தனர். ஆயினும் உடை மாறாத இவர்கள் மலையாளி மக்களின் புண்ணைத் தொட்டார்கள். பண்பாட்டுமயமாதல் குறித்து நாம் நடத்தும் கருத்தரங்குகளில் இந்த வேறுபாடு போதிய அளவு பேசப்படுவதில்லை.

ஜெஸ்ஸி கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றிச் சிறிது பயின்றவர். நாள்தோறும் மேடு பள்ளம் கடந்து ஊர் ஊராகச் செல்வார். பல் பிடுங்குவார், கட்டியைக் கீறுவார், பிள்ளைகளுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்பிப்பார். அக்காலத்தில் மலைமக்களை வாட்டியது நரம்புச்சிலந்தி. கிருமி கலந்த நீரைக் குடித்தவர் உடலில் முழ நீளப் புழு வளர்ந்து, காலைப் பொத்துக்கொண்டு வெளிவரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ் கட்டும். ஆகவே சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, பல நாள் இழுக்க வேண்டும். குடிநீரில் யாரும் கால் வைக்காதபடி கிணறுகளுக்குச் சுவர் எழுப்புவதே நிலையான தீர்வு என்பதை அவர் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். இந்தியா நரம்புச்சிலந்தியற்ற நாடெனச் சான்று பெற்றது 2000-இல்தான் என்றால் அந்தப் பணியின் அருமை விளங்கும்.

நற்செய்திப் பணி அவ்வளவு எளிதில் கனியவில்லை. கோயில் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார். முதல் சில ஆண்டுகள் எவரும் திருமுழுக்குப் பெறவில்லை. 1918-19-இல் இன்புளூயன்சா காய்ச்சல் மலையிலும் பரவியது. நோயுற்றோரை உறவினரே கைவிட்டு ஓடிய நாள்களில், இவர்கள் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு சென்றனர். அந்தப் பூசாரியும் படுத்தார். மரணத் தறுவாயில் தம் பெண் குழந்தையை அவர் ஒப்படைத்தது இவர்களிடம்தான். அக்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர்.

சொந்தப் பிள்ளைகள் இருவரையும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்தனர். மூத்தவன் பால் அப்போது ஒன்பது வயதுச் சிறுவன். தந்தை அவனுக்கு மரங்களையும் பூச்சிகளையும் பற்றி மடல்கள் எழுதிக்கொண்டே இருந்தார். 1929 ஜூனில் மலேரியா முற்றி, கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்திச் செய்தி விரைந்து சேர்ந்தது. மடல்களோ கப்பலில் அல்லவா போக வேண்டும்? தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பின்னரும் அவர் கைப்பட எழுதிய மடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மகனிடம் வந்துகொண்டிருந்தன. இதைப் படித்த அன்று நாம் மறையுரைக்கு ஆயத்தம் செய்ய இயலாமல் புத்தகத்தை மூடி வைத்தோம். அந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட்.

கைம்பெண்ணான ஈவ்லினைச் சபை வேறு ஊர்களில் பணியமர்த்தியது. 68 வயதை எட்டியபோது ஓய்வு பெறச் சொன்னது. அவர் சபைப் பணியைத் துறந்துவிட்டுத் தனியராய்க் கொல்லிமலைக்கே திரும்பினார். கொல்லி, பச்சைமலை, கல்வராயன் என்று மலை மலையாய் மட்டக் குதிரையில் சுற்றினார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். கடைசி இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் குடிசையில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஓவியராக வாழ்வைத் தொடங்கியவர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1974 டிசம்பரில், 95 வயதில் அவர் இறந்தார். பெட்டி வேண்டாம், மரத்தை வீணாக்கலாகாது, பருத்தித் துணியொன்று போதும் என்பது அவர் விருப்பம். அப்படியே சுற்றி, மலைக்குத் தூக்கி வந்து, வாழவந்தியில் ஜெஸ்ஸியின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.